பித்தளை ஆணி

முகப்புக்கு என்று நாங்கள் விட்டது
மூன்றரை அடி அகலம், ஐந்தடி நீளம்.
அரசாங்கப் பணம் சுவரோடு தீர்ந்தது.
இந்தத் துண்டு இடம்
பாசிக்காசில் எழுந்தது.

வாசல் கிழக்கே பார்க்கட்டும் என்றார்
மனையடி பார்த்தவர்.
அப்படியே வைத்தோம்.
ஆனி பிறந்ததும் கச்சான்
வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து
ஒரு படி மணலை உள்ளே கொட்டிவிட்டுப் போனது.
அதற்கு மனையடி தெரியாது.

களஞ்சியத்துக்குக் கதவில் கஜலட்சுமி வேண்டும்,
இரண்டு பக்கமும் யானை,
தேக்கில்.
எனக்கு ஒரு குழாய் வேண்டும்,
முழங்கால் உயரத்தில்,
கால் கழுவ.
மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள் குழாய் வந்தது.
யானைகள் ஸ்டிக்கராக வந்தன.
ஒன்றுக்குத் தும்பிக்கை இப்போதே உரிகிறது.

தொண்டி நாத்தனார் வந்தபோது சொன்னாள்:
"மூலையில ஒரு பவளப்பாறை வையி,
பாக்க லட்சணமா இருக்கும்."
லட்சணம்தான்.
பார்க்க வனத்துறை ஜீப்பும் வரும்.
மூலையில் இப்போது
நீலக் குடம், நல்ல தண்ணீர்,
மேலே கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்.

பிறகு கண்ணாடி.
ராமநாதபுரத்தில், அரண்மனை வாசல் கடையில்
எழுநூற்றைம்பது சொன்னவன்
ஐந்நூற்றுப் பத்துக்கு இறங்கினான்.
பேருந்தில் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.
பாலத்தில் ஏறியதும்
அதற்குள் கொஞ்சம் கடல் வந்து போனது.
கண்டக்டர் குனிந்து தலை சீவிக்கொண்டார்.

முதலில் மாட்டியது இரும்பு ஆணியில்.
நாற்பது நாள் தாங்கியது.
ஒரு மதியம், ஊதிப் பொருக்காகி,
தொடாமலே இற்றுப்போனது.
கண்ணாடி நேரே
செருப்புக் குவியல்மேல் விழுந்து பிழைத்தது.
செருப்பு வைக்க அலமாரி இல்லையே என்று
அன்றோடு புலம்புவதை விட்டேன்.

பித்தளை ஆணி இரண்டு வாங்கினேன்.
ஒன்றில் அந்தக் கண்ணாடி.
மற்றதில் என் கண்ணாடி,
கடலுக்குள் போட்டுக்கொள்வது,
ரப்பர் பட்டை, இடது சில்லில் கீறல்.
"அதைக் கொல்லைப் பக்கம் மாட்டு,
வர்றவங்க பாப்பாங்க" என்றான் களஞ்சியம்.
பார்க்கட்டும்.
அவன் யானைகளுக்குக் காசு கொடுத்தது அதுதான்.

நான்கு மணிக்குக் கரையேறி
குழாயடியில் கால் நனைத்து நிமிர்ந்தால்
எதிரே ஒருத்தி:
கண்களைச் சுற்றி ரப்பர் அழுத்திய சிவந்த வட்டம்,
புருவத்தில் வெள்ளையாய் உப்பு,
விரல் நுனிகளில் இன்னும் அவிழ்க்காத துணி.
இருபது வருடமாக
இந்த வட்டத்தோடுதான் ரேஷன் வாங்கியிருக்கிறேன்,
மகள் பள்ளிக்கூடக் கூட்டத்தில்
முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஒருத்தர் சொல்லவில்லை.

முதலில் எட்டிப் பார்த்தவள் இருளாயி.
"எனக்கும் இருக்கா?" என்றாள்.
இருந்தது.
மறுநாள் சண்முகக்கனியைக் கூட்டி வந்தாள்.
அவளுக்குச் சாயங்காலம் நிச்சயதார்த்த வீடு;
வட்டத்தின்மேல் பவுடரை அப்பி
ஆந்தை மாதிரி ஆகி,
துடைத்துவிட்டு வட்டத்தோடே போனாள்.
அப்புறம் கரையேறுகிற எல்லோருக்கும்
என் வீடு வழியில் வந்துவிட்டது,
வடக்குத் தெருக்காரிகளுக்கும்.

சீப்பு ஒன்று வந்து சேர்ந்தது, யாருடையதோ.
கொசுவலையில் கொண்டை ஊசிகள்.
குடத்துத் தண்ணீர் ஐந்தரைக்கே தீர்கிறது.
கண்ணாடியின் கீழோரம் கறுக்கத் தொடங்கிவிட்டது,
அங்கே முகம் தெரிவதில்லை,
கழுத்துக்கு மேலே போதும் என்கிறார்கள்.

இன்று நான் வரும்போது
சுவரில் மூன்றாவதாக ஓர் ஆணி.
அதில் என்னுடையது அல்லாத ஒரு கடல் கண்ணாடி,
இன்னும் சொட்டிக்கொண்டு.
கேட்டுப் பார்த்தேன், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
பட்டையை ஒதுக்கி ஆணியைத் தொட்டேன்.
பித்தளை.
தெரிந்தவள்தான்.